மங்கம்மா ஏன் மங்கினாள்

ஜூன் 9, திங்கள்

நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை. விஞ்ஞானிகள் அனைவரும் இன்று முதல் தினசரிப் பணிக் குறிப்பு எழுத வேண்டுமாம். என்ன செய்தோம், எத்தனை மணி நேரம் செய்தோம், அதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று மூன்று கட்டங்கள். நான் நிரப்பியது: "மாபெரும் கருந்துளையைச் சுற்றியுள்ள வாயு வட்டில் காந்தப்புலத்தின் பங்கு ஆராயப்பட்டது. எட்டு மணி நேரம். பயன் பின்னர் தெரிவிக்கப்படும்."

உண்மையில் நடந்தது வேறு. காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை கேன்டீன் கமிட்டிக் கூட்டம். இந்த நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த ஒரே தலைமைப் பதவி அது. சாம்பாரில் முருங்கைக்காய் இருக்கிறதா, இருப்பதாக நம்பப்படுகிறதா என்று மூன்று முனைவர்கள் வாதிட்டார்கள். பிறகு வாஷிங் மெஷின்காரருக்கு ஆறு முறை போன் செய்தேன். கருந்துளைக்கு மிஞ்சியது நாற்பது நிமிடம்.

ஆகவே அந்தப் படிவத்துக்குப் போட்டியாக இந்த நோட்டு. இதில் உண்மை மட்டும்.

ஜூன் 12, வியாழன்

மங்கம்மாவைப் பற்றி எழுதி வைக்கிறேன். என்றைக்காவது நான் மண்டையைப் போட்டு இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால், ஏதோ பெண் விவகாரம் என்று நினைத்துவிடக் கூடாது.

மங்கம்மா ஒரு கேலக்ஸி. பட்டியலில் அதற்குப் பதினேழு இலக்க எண். சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். என் ஆராய்ச்சி மாணவி ஃபர்ஹானாதான், மங்கியவள் மங்கம்மா என்று பெயர் வைத்தாள். அதன் நடுவில் நான்கு கோடி சூரியன் எடையுள்ள கருந்துளை. அதைச் சுற்றி வாயு ஒரு வட்டாகச் சுழல்கிறது. உரசிச் சூடேறி, அந்தக் கேலக்ஸியின் மொத்த நட்சத்திரங்களையும் தோற்கடிக்கும் அளவுக்கு ஒளிர்கிறது. ஒளிர்ந்தது. போன வருடம் எட்டே மாதத்தில் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. பாடப்புத்தகப்படி வட்டு காலியாகப் பல ஆயிரம் வருடம் பிடிக்க வேண்டும். மங்கம்மா பாடப்புத்தகம் படிக்கவில்லை.

என் கட்சி காந்தப்புலம். காந்தக் கோடுகள் வாயுவைப் பிடித்து அதன் சுழற்சியைப் பறித்துவிடும். சுழற்சி போனால் வாயு சரசரவென்று கருந்துளைக்குள் விழும். வட்டின் உட்பகுதி காலி, வெளிச்சமும் காலி. இதை நானும் ஃபர்ஹானாவும் கணினியில் சிமுலேஷனாக ஓட்டிப் பார்த்தோம். கிட்டத்தட்ட அதே வேகம், ஒன்பது மாதத்தில் மங்கியது. கட்டுரை எழுதி அனுப்பியாயிற்று.

எதிர்க்கட்சி டாக்டர் சென்னியப்பன். வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு தூசு மேகம் குறுக்கே வந்து மறைக்கிறது என்கிறார். அதாவது எதிர்வீட்டு விளக்கு மங்கினால் வோல்டேஜ் குறைந்துவிட்டது என்பேன் நான். ஜன்னலில் யாரோ வேட்டி காயப் போட்டிருக்கிறார்கள் என்பார் அவர்.

யார் சரி என்று தெரிந்துகொள்ள வழி உண்டு. அந்த வீட்டுக்குள்ளிருக்கும் பின்சுவரைப் பார்க்க வேண்டும். வேட்டிதான் காரணமென்றால் சுவரில் வெளிச்சம் குறையாது. மங்கம்மாவின் வட்டிலிருந்து ஓர் ஒளியாண்டு தள்ளி ஒரு தூசு வளையம் உண்டு. வட்டின் வெளிச்சத்தை வாங்கி அது அகச்சிவப்பில் ஒளிர்கிறது. வட்டு நிஜமாகவே மங்கியிருந்தால், ஒரு வருடம் கழித்து வளையமும் மங்க வேண்டும். ஆகஸ்டில் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புத் தரவு வருகிறது. அதுவரை இரண்டு கட்சிக்கும் பேச்சுரிமை உண்டு.

உண்மை நோட்டு என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். டாக்டர் சென்னியப்பன் என் முன்னாள் கணவர். விவாகரத்தாகி ஒன்பது வருடம். நிறுவனம் எங்களுக்கு ஒரே மாடியின் இரண்டு கோடியில் அறை கொடுத்திருக்கிறது. காபி மெஷின் நடுவில்.

ஜூன் 26, வியாழன்

ஆய்விதழில் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதைப் பரிசீலித்த நடுவர் தன் குறிப்பில் என்னை மூன்று இடத்தில் 'அவன்' என்கிறார். இசக்கியம்மாள் என்ற பெயர் வெளிநாட்டில் ஐசக் ஆகிவிடுகிறது. பரவாயில்லை, ஐசக் என்று ஒருவர் ஏற்கெனவே இந்தத் துறையில் நல்ல பெயர் எடுத்திருக்கிறார்.

ஃபர்ஹானாவுக்குத்தான் பெரிய லாபம். ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் இந்தக் கட்டுரையை நம்பி அவளை அக்டோபரில் வரச் சொல்லியிருக்கிறது. மேலப்பாளையத்திலிருந்து அவள் வாப்பா போன் செய்து, அங்கே குளிருக்கு என்ன கம்பளி வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் கோயம்புத்தூரைத் தாண்டிக் குளிரைக் கண்டதில்லை. இருந்தாலும் விரிவாகச் சொன்னேன்.

இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். பத்திரிகைக்காரர்களை அழைக்கலாம் என்கிறார். அகச்சிவப்புத் தரவும் வரட்டும் என்றேன். தன்னடக்கம் மாதிரித் தெரிந்திருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

ஃபர்ஹானா சரியாகச் சாப்பிடுவதில்லை. கேன்டீன் தலைவி என்ற முறையில் இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. கம்பளி விஷயமாகக் கவலைப்படுகிறாளோ என்னவோ.

ஜூலை 14, திங்கள்

ஃபர்ஹானா இன்று எதிர்க்கட்சி அறைக்குப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். நான் காபி மெஷின் அருகே தற்செயலாக நின்றிருந்தேன்.

ஜூலை 16, புதன்

மறுபடி போனாள். ஐம்பது நிமிடம். இன்று எனக்கு நான்கு காபி.

ஜூலை 18, வெள்ளி

மூன்றாவது முறை. தெளிவாகிவிட்டது. அகச்சிவப்புத் தரவு எதிர்க்கட்சிக்குச் சாதகமாக வரும் என்று எங்கேயோ காற்றுவாக்கில் கேள்விப்பட்டிருக்கிறாள். முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறாள். ஐந்து வருடம் நான் சொல்லிக் கொடுத்தது இதற்குத்தானா?

நேரே கேட்டேன். சார்கிட்ட தூசு வளையத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டதாகச் சொன்னாள். சொல்லும்போது என் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துச் சொன்னாள். அந்த ஸ்டேப்ளரில் பார்க்க ஒன்றுமில்லை.

சென்னியப்பன் மெலிந்திருக்கிறார். நீலச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பித்தான் இல்லை. கவனித்ததற்குக் காரணம் எதுவும் கிடையாது, வராந்தாவில் வெளிச்சம் நன்றாக இருந்தது.

ஜூலை 23, புதன்

பொதுப் பிரின்டரில் என் புரோகிராமின் பழைய பகுதி அச்சாகிக் கிடந்தது. கணக்கு தொடங்கும்போது காந்தப்புலத்தின் அளவை உள்ளே அனுப்பும் பகுதி. ஓரத்தில் சென்னியப்பன் கையெழுத்து: வர்க்கமூலக் குறிக்குள் ஒரு நான்கு, ஒரு பை, பக்கத்தில் கேள்விக்குறி.

என் புரோகிராமைக் கிண்டுவதற்கு எதிர்க்கட்சிக்கு என்ன உரிமை? கிழித்துக் கூடையில் போட்டேன். இரண்டாகத்தான் முதலில் கிழித்தேன். பிறகு எட்டாக.

வாஷிங் மெஷின்காரர் இன்றும் வரவில்லை.

ஜூலை 31, வியாழன்

அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து போன். மாப்பிள்ளை எப்படியிருக்கிறார் என்கிறாள். அவர் இப்போது மாப்பிள்ளை இல்லை என்று ஒன்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். "அது உங்களுக்குள்ள இருக்க விஷயம், எனக்கென்ன" என்கிறாள்.

எனக்கு நான்கு நாளாகத் தூக்கம் சரியில்லை. வெயில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை பதினொன்று பத்துக்கு ஃபர்ஹானா வந்தாள். நான் காபி குடித்து முடிக்கும்வரை நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், நம்ம புரோகிராம்ல காந்தப்புலத்த உள்ள அனுப்புற எடத்துல ஒரு நாலு பை விட்டுப் போயிருக்கு."

"எந்த எடத்துல?"

"நீங்க எழுதுன எடத்துல."

காந்தப்புலத்தை அளக்க இரண்டு யூனிட் முறைகள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற, நான்கு பையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். சுமார் மூன்றரை. வகுக்காவிட்டால் கட்டுரையில் எழுதியதைவிட மூன்றரை மடங்கு வலுவான காந்தப்புலம் உள்ளே போய்விடும். அதன் அழுத்தமோ பன்னிரண்டரை மடங்கு. முதல் வருட மாணவர்களுக்கு இதைச் சொல்லி நானே மிரட்டியிருக்கிறேன்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ஐந்து வாரம் என்றாள். முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாளாம். பிறகு நான்கு விதமாகச் சோதித்திருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு மேடம்."

"என்னப் பாத்தா?"

எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் சென்னியப்பன் சாரிடம் போனாளாம். அவர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, காலையில் சொல், காபி குடித்த பிறகு சொல், கதவுப் பக்கம் நின்று சொல் என்றாராம்.

அவள் கதவுப் பக்கம்தான் நின்றிருந்தாள்.

சரி, நான் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரே வரி. பதினோரு வருடமாக அங்கேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

விடுப்பு. வாஷிங் மெஷின்காரர் வந்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அந்த வரியை எழுதிய நாள் நினைவிருக்கிறது. அப்போது வடவள்ளியில் வாடகை வீடு. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். சென்னியப்பன் பின்னால் வந்து நின்று, யூனிட் சரியா என்று பார் என்றார். முதலில் உங்கள் தூசைத் துடைத்துவிட்டு அப்புறம் என் காந்தத்துக்கு வாருங்கள் என்றேன். அன்று ஆரம்பித்த சண்டை முடிந்த தேதி கோர்ட் காகிதத்தில் இருக்கிறது.

யூனிட்டை நான் பார்க்கவில்லை. அவர் சொன்னதாலேயே பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

அகச்சிவப்புத் தரவு வந்துவிட்டது. வளையம் மங்கியிருக்கிறது. பாதிக்கும் கீழே.

வேட்டி இல்லை. வோல்டேஜ்தான். வட்டு நிஜமாகவே மங்கியிருக்கிறது. எதிர்க்கட்சிக்கு டெபாசிட் காலி.

இயக்குநர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்து மைசூர்பாகு கொடுத்தார். இருபதாம் தேதி பத்திரிகையாளர் சந்திப்பு. முந்தின நாள் எங்கள் நிறுவனத்துக்குள் கருத்தரங்கு, முதலில் சென்னியப்பன், பிறகு நான். எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள். ஒருவர் காலில் விழப் பார்த்தார். அவருக்குக் கேன்டீனில் ஒரு வேலை ஆக வேண்டும்.

ஃபர்ஹானா மட்டும் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

யோசித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு மோசமில்லை. வட்டு மங்கியது உண்மை. தூசு காரணமில்லை. எஞ்சியிருப்பது காந்தப்புலம். விடை சரி, வழியில் ஒரு வகுத்தல் குறைகிறது. பரீட்சையில் இதற்குப் பத்துக்கு எட்டு போடுவேன். தவிர, அக்டோபரில் ஃபர்ஹானா ஜெர்மனி போக வேண்டும். அவளுக்காகத்தான் யோசிக்கிறேன்.

அவளிடம், இருபதாம் தேதி போகட்டும், பிறகு நிதானமாகத் திருத்தலாம் என்றேன். சரி மேடம் என்றாள். எனக்காக யோசிக்காதீர்கள் என்றும் சொன்னாள். குழந்தைக்கு விவரம் போதாது.

ஆகஸ்ட் 16, சனி

வாஷிங் மெஷின் நன்றாக ஓடுகிறது. துவைத்ததையே திரும்பத் துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று மணிக்குக் கருத்தரங்கு. ஹால் நிறைந்திருந்தது. வெங்காய பஜ்ஜி ஏற்பாடு என்னுடையது. முதலில் சென்னியப்பன் பேசினார். அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அவர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அகச்சிவப்பு வரைபடத்தைத் திரையில் போட்டார்.

"வளையம் மங்கியிருக்குது. அப்ப என்ற தூசு மேகம் தப்பு. ஒரு வருசமா உங்களையெல்லாம் ஒக்கார வெச்சுச் சொன்னேன், தப்பாச் சொல்லிப்போட்டேன். அவ்ளோதாங்க."

மேடையிலிருந்து இறங்கி, ஒரு தட்டில் பஜ்ஜி எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். என் நான்கு பை அவருக்குத் தெரியும். ஐந்து வாரமாகத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஜாடையாகக்கூட இல்லை. சட்னி தீர்ந்துவிட்டதா என்றுதான் பக்கத்தில் கேட்டார்.

அந்த ஆள் என்னை ஒரு தடவையாவது ஏளனமாகப் பார்த்திருந்தால் நான் திட்டமிட்டபடியே பேசி முடித்திருப்பேன். சத்தியமாக.

மேடைக்குப் போனேன். நாற்பத்திரண்டு ஸ்லைடு தயார். முதல் ஸ்லைடிலேயே நின்றேன். அதில் தலைப்பும் ஃபர்ஹானா பெயரும் என் பெயரும் மட்டும். என் புரோகிராமில் ஒரு பிழை இருக்கிறது, நான் செய்தது, காந்தப்புலம் மூன்றரை மடங்கு கூடுதலாகப் போயிருக்கிறது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். பிழையைக் கண்டுபிடித்தது ஃபர்ஹானா என்றேன். அவள் சொல்லி இரண்டு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லத் திட்டமில்லை, வந்துவிட்டது.

பின்வரிசையில் யாரோ பஜ்ஜியைக் கடிக்கும் சத்தம் மேடைவரை கேட்டது. இயக்குநர் எழுந்து வெளியே போனார், நாளைய பத்திரிகைக்காரர்களுக்குப் போன் செய்ய.

அறைக்கு வந்து கட்டுரையை ஏற்ற ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினேன். ஆறு வரி. ஐசக் என்று கையெழுத்துப் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஜெர்மனியிலிருந்து ஃபர்ஹானாவுக்குப் பதில். நேர்மையைப் பாராட்டுகிறார்களாம். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். இரண்டும் ஒரே பத்தியில்.

நான் அவர்களுக்கு நீளமாக எழுதினேன். பிழை என்னுடையது, இந்தப் பெண் கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் பதினோரு வருடம் அப்படியே இருந்திருக்கும் என்று. மரியாதையாக இரண்டு வரி வந்தது. முதல் வரியில் 'திரு.' போட்டிருந்தது.

ஃபர்ஹானா அழவில்லை, என் முன்னால் அழவில்லை. ஊருக்குப் போய்விட்டு வருகிறேன், எவ்வளவு நாள் என்று தெரியவில்லை என்றாள். அவள் வாப்பாவிடம் நானே பேசுகிறேன் என்றேன். வேண்டாம் மேடம், கம்பளிய என்ன செய்யன்னு கேப்பாங்க என்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

சரியான காந்தப்புலத்தோடு சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபர்ஹானா இல்லாமல் நானே ஓட்டுகிறேன். மூன்று இடத்தில் தப்பாகத் தட்டினேன். அவள் எழுதி வைத்த குறிப்புகள் மிகத் தெளிவாக இருக்கின்றன. 'மேடம் இங்கே அவசரப்படுவார்கள்' என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறாள். சரியாக அங்கேதான் அவசரப்பட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. சரியான காந்தப்புலத்தில் மங்கம்மா மங்க முப்பத்தொரு வருடம் ஆகும். நிஜத்தில் எட்டு மாதம்.

ஆக, தூசும் தப்பு, காந்தமும் தப்பு. இரண்டு கட்சியும் டெபாசிட் இழந்த தொகுதி இது. மங்கம்மா சுயேச்சை.

கேன்டீன் கமிட்டித் தலைமையை ராஜினாமா செய்தேன். ஏற்கவில்லை. வேறு யாரும் முன்வரவில்லையாம்.

அக்டோபர் 9, வியாழன்

ஃபர்ஹானா வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் காலை ஒன்பதரைக்கு என் அறையில் நின்றாள். கதவுப் பக்கம் இல்லை. நேரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஊரில் ஐந்து வாரமும் இதையேதான் யோசித்தாளாம். பழைய சிமுலேஷன் தப்பில்லை மேடம், அதன் மேல் ஒட்டிய லேபிள்தான் தப்பு என்கிறாள். அந்த அளவு காந்தப்புலம் இருந்தால் வட்டு ஒன்பது மாதத்தில் மங்கும் என்பது உண்மைதானே? அப்படியானால் கேள்வி வேறு.

"அம்புட்டு காந்தப்புலம் எங்க இருந்து வரும்னு யாருமே கேக்கல மேடம். நாம தப்பாப் போட்டதால நமக்கும் கேக்கத் தோணல."

அதற்கு ஒரு பதிலும் வைத்திருக்கிறாள். வெளியே தூசு வளையத்திலிருந்து ஒரு பெரிய மேகம் பிய்ந்து உள்ளே விழுந்தால்? விழும்போது தன்னிடமுள்ள காந்தக் கோடுகளையும் இழுத்துக்கொண்டு வரும். வழியில் நெருக்கப்பட்டு அவை வலுவாகும். மூன்றரை மடங்கு ஆவது சாத்தியம்தான் என்று நோட்டில் கணக்குப் போட்டிருக்கிறாள். யூனிட் எல்லாம் சிவப்பு மையில்.

மேகம் குறுக்கே வந்து மறைக்கவில்லை, உள்ளே விழுந்து கெடுத்தது. இதற்கு மேகங்களின் எடை, வேகம் எல்லாம் வேண்டும். அந்தப் பட்டியல் உலகத்தில் ஒருவரிடம்தான் ஒழுங்காக இருக்கிறது. அவர் அறை இதே மாடியில்.

நீயே போய் வாங்கிக்கொள் என்றேன். "ரெண்டு பேரும் போவோம் மேடம்" என்றாள். கேட்கிற தொனியில் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

போனோம். பட்டியலைக் கொடுத்தார். அறையைப் பெருக்கவே மாட்டார் போலிருக்கிறது. தூசு ஆராய்ச்சியை அங்கேயே செய்யலாம். சட்டையில் அந்தப் பித்தான் இருக்கிறது, ஆனால் பச்சை நிறத்தில்.

அக்டோபர் 30, வியாழன்

ஃபர்ஹானாவின் கணக்கு வருகிறது. எட்டு மாதம் இல்லை, பதினொன்று. ஆனால் இந்த முறை நான்கு பேர் தனித்தனியாக யூனிட்டைச் சரிபார்த்துவிட்டோம். ஒருவர் இயக்குநர். அவர் படித்தது ரசாயனம். இருந்தாலும் பார்த்தார். பத்திரிகைக்காரர்களைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

புதிய கட்டுரை அவள் பெயரில், அவள் முதலாவதாக. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அதுவே. திரும்பப் பெற்ற பழைய கட்டுரைக்கு, பிழை என்ன என்று விளக்கி நான் தனியாக ஒரு திருத்தக் குறிப்பு எழுத வேண்டும்.

நவம்பர் 12, புதன்

திருத்தக் குறிப்பு ஒரு பக்கம். அதை எழுத ஒரு மணி நேரம். கடைசி வரிக்கு எட்டு நாள்: "இந்தப் பிழையைப் பதினோரு வருடங்களுக்கு முன்பே முனைவர் சென்னியப்பன் கட்டுரையாசிரியருக்குச் சுட்டிக்காட்டினார்."

அனுப்புவதற்கு முன் அவருக்கு ஒரு பிரதி வைத்தேன், முறைக்காக. சாயங்காலம் நாலரைக்குக் காகிதத்தோடு வந்தார். விவாகரத்துக்குப் பிறகு என் அறைக்குள் அவர் வருவது முதல் தடவை. உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன்.

"கடைசி வரிய எடுத்துப்போடு இசக்கி."

"உண்மதானே? நீங்க சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா அன்னைக்கு உன்ற புரோகிராம நான் படிக்கவேயில்ல."

புரியவில்லை என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். எப்படியாவது திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னாராம். எல்லோருடைய புரோகிராமிலும் யூனிட்டில்தான் பிழை இருக்கும் என்பதால் அது வாயில் வந்ததாம்.

"நீ திரும்பிப் பாத்தே. திட்டுனே. அதுக்கப்பறம் எனக்கு வேற வழி தெரியல, அப்படியே வருசக்கணக்கா ஏதாச்சும் குத்தம் சொல்லிட்டே இருந்தேன்."

அந்த வாரம் நான் பேசாமல் இருந்தேனா? இருந்திருப்பேன். கணக்கு ஓடும் வாரங்களில் நான் யாருடனும் பேசுவதில்லை. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை என்று நினைத்திருந்தேன்.

"அந்த வரி இருக்கட்டும். நீ என்ன நெனச்சுச் சொன்னன்னு ஆய்விதழ்ல யாரும் கேக்கப் போறதில்ல" என்றேன்.

நீ என்று சொல்லிவிட்டேன் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் சக மாணவராக இருந்தபோது நீ. கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவுக்காக நீங்க. அதற்கப்புறம் டாக்டர் சென்னியப்பன். வாய்தவறி வந்திருக்கும். பல்லில் ஒன்று ஆடுகிறது.

குறிப்பை அனுப்பிவிட்டேன், வரியோடு.

நவம்பர் 27, வியாழன்

ஃபர்ஹானாவின் ஆய்வேடு பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. ஐந்து பிரதி, கருநீல அட்டை. பூனாவில் ஓர் ஆய்வகம் அவளைப் பேச அழைத்திருக்கிறது. வேலை இல்லை, பேச மட்டும். போய்ப் பேசிவிட்டு வருகிறேன் மேடம் என்கிறாள்.

நன்றி உரையில் என்னைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறாள். பயமுறுத்துவார், ஆனால் சபையில் தன்னை விட்டுக்கொடுப்பார் என்று ஒரு வாக்கியம். திட்டா பாராட்டா என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துவைத்தேன், ஆவணத்துக்காக.

டிசம்பர் 4, வியாழன்

பைண்டிங் நேற்று வந்தது. ஐந்து பிரதியும் ஃபர்ஹானா மேசையில். நாளை பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது: "இன்னும் குறைந்தது இருபது ஆண்டுகளுக்கு இந்தக் கேலக்ஸியின் வட்டு பழைய பிரகாசத்துக்குத் திரும்ப வாய்ப்பில்லை."

காலை பத்தே காலுக்குச் செய்தி வந்தது. சிலி நாட்டிலிருந்து ஒரு கண்காணிப்புக் குழு அனுப்பியது. கடந்த பத்தொன்பது நாளில் மங்கம்மாவின் பிரகாசம் மூன்று மடங்காகியிருக்கிறது. இன்னும் ஏறுகிறது.

நான் ஃபர்ஹானா அறைக்கு ஓடினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து சென்னியப்பன் ஓடி வந்தார், ஒரு காலில் மட்டும் செருப்பு. ஃபர்ஹானா திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். இன்னொரு மேகம் விழுந்திருக்கலாம் என்றார் அவர். விழுந்தால் மங்கத்தானே வேண்டும், ஏன் ஏறுகிறது என்றேன். காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணைந்திருக்கலாம் என்றேன் நான். பத்தொன்பது நாளிலா என்றார். தரவே தப்பாக இருக்கும் என்றேன். மூன்று தொலைநோக்கி பார்த்திருக்கிறது என்றார். குரல் உயர்ந்தது. ஆய்வேட்டை எப்படியாவது திருத்த வேண்டும், பைண்டிங்காரரைக் கூப்பிடு என்று நான் சொன்னேன்.

ஃபர்ஹானா ஒரு பிரதியை எடுத்து நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். படித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"இப்படியே குடுத்துருதேன் மேடம். வைவா பரீட்சைல கேப்பாங்க. தப்பாப் போச்சுன்னு சொல்லிட்டு, ஏன்னு தேடுதேன்னு சொல்லுவேன்."

பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா, எனக்கு வேலை இருக்கிறது என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே கீபோர்டு சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நாங்கள் வராந்தாவில் நின்றோம். மலைப்பக்கமிருந்து நல்ல காற்று. சென்னியப்பன் செருப்பில்லாத காலைத் தூக்கிச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

"எதனால இருக்கும் இசக்கி?"

"தெரியல."

ஊன்றிய காலைக் கீழே இறக்கினார்.

"எனக்குந்தான்."

பதினெட்டு வருடப் பழக்கத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் இது.